நீருண்ணும் விரிப்பும் நம் கிணற்று நீரும்

சென்ற கோடையில் நம் சங்கக் கட்டடத்திற்கு ஒரு விற்பனையாளர் வந்திருந்தார். அவர் கொணர்ந்த பெட்டியில் வெண்மையான விரிப்புகள் சில இருந்தன. தொட்டால் பஞ்சு போலவும், மடித்தால் தடித்த காகிதம் போலவும் அவை தோன்றின. அன்று நிர்வாகக் குழுக் கூட்டம். நெசவாளர் பிரிவினரும், தோட்டப் பயிர் செய்யும் அங்கத்தினர்களும் ஒருங்கே கூடியிருந்தனர். அவர் ஒரு விரிப்பை மேஜைமீது பரப்பி, கடையில் வாங்கிய புட்டி நீரை அதன்மேல் ஊற்றினார். ஒரு குவளை நீர் முழுவதும் உள்ளே போயிற்று. விரிப்பை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார், சொட்டவில்லை. உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார், அப்போதும் சொட்டவில்லை.

"தன் எடையைப் போல் முந்நூறு மடங்கு குடிக்கும், ஐயா. குழித்தட்டுக்கு அடியில் விரித்துவிட்டால் மூன்று நாளைக்கு ஒரு முறை நீர் விட்டால் போதும்" என்றார்.

நீருக்குப் படும் பாட்டை அறிந்த நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இது எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால் பிரிவுக்கு ஒரு பெருந்தொகைக்கு விரிப்பு வாங்கலாம் என்று தீர்மானம் எழுதும் நிலைக்குப் பேச்சு வந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த நெசவாளர் ஒருவர் எழுந்து, "தம்பி, எங்கள் சாயச் சாலைக் கிணற்று நீரை இதில் ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள்" என்றார்.

நீர் வந்தது. அதே அளவு விரிப்பு, அதே குவளை. ஊற்றிய நீரில் ஒரு பகுதி உள்ளே சென்றது. மீதி மேஜையில் ஓடிக் கணக்குப் புத்தகத்தை நனைத்தது. இரண்டு விரிப்புகளையும் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, கிணற்று நீர் குடித்தது முன்னதில் பாதி எடைகூட இல்லை.

விற்பனையாளர் பொய் கூறியதாக நாம் கருதவில்லை. அவர் கொடுத்த கணக்கு தூய நீருக்குப் பொருந்தும். நம் ஊர் நீருக்கு ஏன் பொருந்தவில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை. அன்று நமக்கும் தெரியவில்லை. தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு, விஷயம் அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே அங்கத்தினர்களுக்குத் தருகிறோம்.

அந்த விரிப்பைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பொருள்கள் இருப்பது தெரியும். ஒன்று, பஞ்சிழைபோன்ற மெல்லிய செயற்கை இழை. மற்றொன்று, அவ்விழைகளுக்கிடையே சிக்கிக் கிடக்கும் ரவைபோன்ற வெள்ளை மணிகள். நீரைக் குடிப்பது மணி. மணியைச் சிதறாமல் பிடித்து, நீரை அதனிடம் கொண்டு சேர்ப்பது இழை. இரண்டும் சேர்ந்தால்தான் விரிப்பு.

பஞ்சு நீரை ஏற்கும் விதம் நம் நெசவாளர்களுக்குத் தெரிந்ததே. உலர்ந்ததாக நாம் எண்ணும் பஞ்சிலும் காற்றின் ஈரத்தை வாங்கி நூற்றுக்கு எட்டரை பங்கு நீர் இருக்கும். நனைத்தால் இழைக்குள்ளும், இழைக்கும் இழைக்கும் இடையிலுள்ள சந்துகளிலும் நீர் ஏறும். நன்கு வெளுத்துக் கொழுப்பு நீக்கிய மருத்துவப் பஞ்சு தன் எடையைப் போல் இருபது மடங்கிற்கு மேலும் நீர் ஏற்கும். தறியிலிருந்து இறங்கிய புதுத் துண்டு முதல் நாளில் நீரைத் தள்ளுவதும், கஞ்சியும் மெழுகுச் சத்தும் போன பிறகு நன்றாக உறிஞ்சுவதும் நாம் நாள்தோறும் காண்பது. ஆயினும் ஈரிழைத் துண்டோ, தேங்காய்ப்பூத் துண்டோ, எதுவாயினும் முறுக்கிப் பிழிந்தால் நீரைக் கொடுத்துவிடும். பஞ்சு நீரைச் சந்துகளில் தேக்கி வைக்கிறதேயன்றிப் பூட்டி வைப்பதில்லை. துண்டுக்கு அதுவே வேண்டிய குணம். பிழிய முடியாத துண்டை யார் வாங்குவார்?

மணியின் வழி வேறு. இரவில் ஒரு சிட்டிகை பாதாம் பிசினை நீரில் இட்டு, காலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய இருக்கும் அல்லவா? அதைக் கையில் எடுத்து அழுத்தினால் வழுக்குமேயன்றி நீர் பிரியாது. சப்ஜா விதையைச் சுற்றி எழும் கூழும் அத்தகையதே. விரிப்பிலுள்ள மணி இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆனால் ஆற்றலில் பன்மடங்கு பெரியது. நீர் அதனுள் புகுந்து அதன் பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஆகவேதான் விற்பனையாளர் அழுத்தியபோது சொட்டவில்லை.

இந்த மணியின் கதை உழவர்களிடமிருந்து தொடங்குகிறது என்பது நமக்குப் புதிய செய்தியாக இருந்தது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, விளைபொருள்கள் மிகுந்து விலை வீழும்போது அவற்றுக்குப் புதிய உபயோகங்களைக் கண்டறிய நான்கு வட்டார ஆராய்ச்சிச் சாலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று மக்காச்சோளச் சீமையான இல்லினாய் மாநிலத்தில் பியோரியா நகரில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலின் மருந்தைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட இடமும் அதுவே. அங்கே 1960-களிலும் 1970-களிலும் மக்காச்சோள மாவின் ஸ்டார்ச்சு சத்துடன் அக்ரிலோநைட்ரில் என்னும் ரசாயனத்தைப் பிணைத்து, காரத்தில் வேகவைத்துப் பார்த்தனர். கிடைத்த பொருள் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரை உண்டது. 1976-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றவர்கள் நால்வர்: வீவர், பாக்லி, ஃபான்டா, டோன். முதற்பெயருக்குரியவர் ஒரு பெண்மணி. 'வீவர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நெசவாளர் என்பதே பொருள். நம் பத்திரிகை வாசகர்களுக்கு இது ஒரு சிறு மகிழ்ச்சி தரலாம்.

அவர்கள் அப்பொருளுக்கு வேடிக்கையாக 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயரிட்டனர். சத்தமிட்டு உறிஞ்சிக் குடிப்பதில் பெரியவன் என்று அதைச் சொல்லலாம். வறண்ட மண்ணில் கலக்கலாம், விதைமேல் பூசலாம், நடும் நாற்றின் வேரை அதில் தோய்க்கலாம் என்றெல்லாம் சொல்லப்பட்டது. பாவுக்குக் கஞ்சி போடும் நம் நெசவாளர் கையாளும் அதே ஸ்டார்ச்சுதான் இதற்கு மூலப்பொருள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் அப்பொருளை முதலில் பெருவணிகமாக்கியது வயலன்று. ஜப்பானியர் 1978-இல் அதைப் பெண்களின் மாதவிலக்குத் துணிகளில் வைத்தனர். 1980-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் அணையாடையில் வைத்தனர். பின்னர் ஸ்டார்ச்சையும் விட்டுவிட்டு, பெட்ரோலியத்திலிருந்து வரும் அக்ரிலிக் அமிலத்தைக் காஸ்டிக் சோடாவால் ஓரளவு நடுநிலையாக்கி, அதைக் கொண்டே மணி செய்யும் முறை பரவிற்று. இன்று அணையாடையைப் பிரித்தால் உதிரும் மணி பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இனி, கிணற்று நீரின் விஷயத்திற்கு வருவோம்.

மாங்காய்த் துண்டுகளில் உப்பிட்டு வைத்தால் நீர் விடுவதை நம் வீட்டுப் பெண்கள் யாவரும் அறிவர். உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகர்வது இயற்கையின் விதி. மணிக்குள் இருப்பது நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறுகள். அச்சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டுள்ளன. ஆகையால் அவை நீரில் கரைந்து போகாமல் வலைபோல் விரிய மட்டும் முடியும். சங்கிலி நெடுகச் சோடியம் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. தூய நீர் பட்டவுடன் அச்சோடியம் விடுபட்டு வலைக்குள்ளேயே உலவும். ஆகவே மணியின் உட்புறம் உப்பு நீர்போல் ஆகிறது. வெளியிலோ உப்பே இல்லை. நீர் உட்புறம் பாய்கிறது. சோடியம் விட்ட இடங்கள் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுவதால் வலையும் விரிகிறது. முடிச்சுகள் இனி இழுபடாது என்னும் வரை மணி பருக்கும்.

வெளியிலுள்ள நீரிலும் உப்பு இருந்தால் என்ன ஆகும்? உள்ளும் புறமும் உள்ள வேற்றுமை குறைகிறது. இழுக்கும் ஆற்றல் குறைகிறது. தூய நீரில் தன் எடையைப் போல் 300 மடங்கு உண்ணும் மணி, ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரில் 30 முதல் 60 மடங்கு வரையே உண்ணும். மனித உடலின் திரவங்களில் ஏறத்தாழ அந்த அளவு உப்பு இருப்பதால், அணையாடை செய்பவர்கள் இந்த உப்பு நீரைக் கொண்டே சோதிக்கிறார்கள். தூய நீர்க் கணக்கை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. 300 என்னும் எண் விளம்பரத்தில் மட்டும் நிலைத்துவிட்டது.

சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் உள்ள கடின நீர் இதனினும் கெட்டது. சோப்பு நுரைக்காத நீர் என்று நாம் சொல்வது அதைத்தான். சோப்பைப் பிடித்துக் கட்டியாக்கும் அதே சத்து, மணிக்குள்ளும் புகுந்து இரண்டிரண்டு சங்கிலிகளை இழுத்துக் கட்டிவிடும். கட்டுண்ட வலை விரியாது. பிறகு நல்ல நீரை ஊற்றினாலும் அக்கட்டு எளிதில் அவிழ்வதில்லை. சாயச் சாலைக் கிணற்று நீர் உவர்ப்பும் கடினமும் ஒருங்கே உடையது. அன்று மேஜைமீது நடந்தது இதுவே.

உரம் இடுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பொட்டாஷ் உரமும், கால்சியம் நைட்ரேட்டும் நீரில் உப்பாகவே கரைபவை. அவற்றைக் கரைத்து ஊற்றினால் விரிப்பின் ஆற்றல் குறையும். யூரியா அவ்வாறு பிரிந்து உப்பாவதில்லை; அது மணியை அதிகம் பாதிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 300 மடங்கோ, 50 மடங்கோ, அது மணிக்கு மட்டும் உரியது. விரிப்பின் எடையில் பெரும் பகுதி இழையாக இருக்கலாம். செயற்கை இழை நீரைத் தன்னுள் ஏற்பதில்லை. ஆகவே மணியின் கணக்கை விரிப்பின் கணக்காகச் சொல்வது, அரிசியின் விலையைச் சொல்லி மூட்டையோடு நிறுத்துக் கொடுப்பது போன்றது.

அப்படியாயின், நீரை ஏற்காத இழை எதற்கு? மணியை மட்டும் ஒரு துணிப் பையில் இட்டுத் தைத்துவிட்டால் என்ன? இக்கேள்வியை நாமும் கேட்டோம். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரே கொட்டாகக் கொட்டிக் களி கிண்டினால் என்ன நேரும்? கட்டி கட்டியாகும். கட்டியை உடைத்தால் வெளிப்புறம் வெந்து கூழாகி, நடுவில் உலர்ந்த மாவு இருக்கும். வெந்த கூழ் நீருக்கு வழி அடைத்துவிட்டது. மணிகள் நெருங்கிக் கிடந்தாலும் அவ்வாறே நிகழும். முதலில் நனைந்த மணிகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே இருப்பவற்றுக்கு நீர் செல்ல விடாமல் தடுக்கும். இழைகளின் வேலை, மணிகளை எட்ட எட்ட நிறுத்தி, இடையில் நீர் ஓட வாய்க்கால் வைப்பது. வரப்பும் வாய்க்காலும் இல்லாத வயலில் மடையை ஒட்டிய பயிர் மட்டும் நனைவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இழையையும் மணியையும் ஒரே விரிப்பாக்கும் முறைகள் சில உண்டு. அவற்றுள் நெசவாளர் கவனிக்கத்தக்கது ஒன்று. திருவிழாக்களில் பஞ்சு மிட்டாய் செய்பவன் சர்க்கரையை உருக்கிச் சுழற்றி இழையாக்குகிறான் அல்லவா? அதைப்போலவே பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, ஊசித் துளைகள் வழியே பிதுக்கி, இரு பக்கமும் வெப்பக் காற்றை வேகமாக வீசுகிறார்கள். காற்று அவ்வுருகலை இழுத்து மெல்லிய இழையாக்குகிறது. அவ்விழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒன்று முதல் ஐந்து கூறுவரை இருக்கும். பருத்தி இழையின் விட்டம் அவ்வகையில் ஏறக்குறைய பதினைந்து கூறு. வீசப்படும் இழை ஓடிக்கொண்டிருக்கும் கம்பிவலையின்மேல் விழுந்து, இளஞ்சூட்டிலேயே ஒன்றோடொன்று சிக்கி விரிப்பாகிறது. தறியில்லை, பாவில்லை, ஊடையில்லை.

இம்முறையை அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலையில் வென்டி என்பவர் 1950-களில் உருவாக்கி, 1956-இல் வெளியிட்டார். அணுகுண்டுச் சோதனைகளின் நுண்துகள்களை வானிலிருந்து வடிகட்டிப் பிடிக்கவே அவ்வளவு மெல்லிய இழை அன்று வேண்டியிருந்தது. பின்னர் ஓர் எண்ணெய்க் கம்பெனி 1960-களில் அதைத் தொழிலாக்கிற்று. இழை காற்றில் பறந்து வரும் அந்த நொடியில் வேறு துகள்களையும் அதன் குறுக்கே தூவினால் அவை இழைகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும் என்று கண்டனர். 1976-இல் கரித்தூளை அவ்வாறு சிக்கவைத்து முகமூடி செய்தனர். 1978-இல் மரக்கூழை அவ்வாறு கலந்து விரிப்புச் செய்யும் முறைக்கும் உரிமை பெறப்பட்டது. கரித்தூளுக்கும் மரக்கூழுக்கும் பதிலாக நீருண்ணும் மணியைத் தூவினால் நாம் பார்த்த விரிப்பு கிடைக்கும். பசையில்லை, பின்னிய கூடையில் காய் தங்குவதுபோல் மணி தங்குகிறது. பருக்கும்போது இழை விலகி இடம் கொடுக்கிறது.

மற்றொரு முறையில், நடுவில் ஒரு பிளாஸ்டிக்கும் மேலுறையாக எளிதில் உருகும் வேறொரு பிளாஸ்டிக்கும் கொண்ட இழையை மரக்கூழோடும் மணியோடும் காற்றில் கலந்து படியவைத்து, வெப்பமூட்டுகிறார்கள். 130 டிகிரி அளவில் மேலுறை மட்டும் இளகி, தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நம் விற்பனையாளர் கொணர்ந்தது எவ்வகை என்று அவர் கூறவில்லை. மரக்கூழ் இல்லாத வகையாயின் ஒரு விஷயம் கேட்டறிய வேண்டும். பாலிப்ரொப்பிலீன் இயல்பாகவே நீரைத் தள்ளும். ஆகவே இழைமீது நீர் பரவ ஒரு மருந்து பூசுவார்கள். அம்மருந்து முதல் நனைப்பிலேயே கழுவிப் போய்விடுமா, நிற்குமா என்பது பலமுறை நீர் விடும் நாற்றங்காலுக்கு முக்கியமான கேள்வி.

இத்தகைய விரிப்பு எங்கெங்கே நன்றாகப் பயன்படுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பூமிக்கடியில் செல்லும் மின் கேபிளில் மணி வைத்த நாடா சுற்றப்படுகிறது. மேலுறை கிழிந்து நீர் புகுந்தால் மணி பருத்து அவ்விடத்திலேயே நீரை மறித்துவிடும். கேபிள் நெடுக நீர் ஓடாது. இறைச்சியும் மீனும் விற்கும் தட்டுகளின் அடியில் கசியும் நீரை வாங்கவும் இது வைக்கப்படுகிறது. நோயாளிகளின் படுக்கைக்கும், குழந்தைகளின் அணையாடைக்கும் இதனால் உண்டான வசதியைத் தாய்மார்களே சொல்வார்கள். அழுத்தினாலும் நீரை விடாத குணம் அங்கே வேண்டப்படுகிறது. அந்த வேலையைப் பருத்தித் துணி செய்யாது.

இதைக் கோயமுத்தூர் முருகானந்தம் அவர்களின் அனுபவமும் காட்டுகிறது. ஏழைப் பெண்களுக்கு மலிவான மாதவிலக்குத் துணி செய்யப் புறப்பட்ட அவர் முதலில் பஞ்சைக் கொண்டே செய்து பார்த்தார், தோற்றார். கம்பெனிச் சரக்கில் இருப்பது பஞ்சன்று, மரக்கூழின் நார் என்று அறிய அவருக்கு ஆண்டுகள் சென்றன. பிறகு சுய உதவிக் குழுப் பெண்களே இயக்கக்கூடிய சிறு யந்திரங்களை அமைத்தார். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பொருளின் குணத்தை அறியாமல் தொடங்கிப் பாடுபட்டு அறிந்தவர் அவர்.

அதிகம் உறிஞ்சுவதே நன்மை என்று எண்ணுவதும் தவறு. 1980-இல் அமெரிக்காவில், பெண்கள் உடலினுள் வைத்துக்கொள்ளும் ஒரு வகைப் பொருளில், அளவு கடந்து உறிஞ்சும் செயற்கை நுரைத் துண்டுகளும் ஒரு செல்லுலோஸ் ரசாயனமும் வைத்து விற்றனர். நெடுநேரம் மாற்றாமல் வைத்திருந்த பெண்கள் பலர் கொடிய நச்சுக் காய்ச்சலுக்கு ஆளாயினர், உயிரிழந்தோரும் உண்டு. அப்பொருள் அவ்வாண்டே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. மகளிர் குழுக்கள் இத்தொழிலில் இறங்கும்போது, எத்தனை நேரத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைப் பொட்டலத்தின்மேல் தமிழில் அச்சிட வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே.

வயலுக்குத் திரும்புவோம். தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்று ஒரு பொருளைக் கண்டுபிடித்துள்ளது. இது செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. விரிப்பாக அன்றி, மணியாகவே மண்ணில் இடுவது. ஹெக்டேருக்கு இரண்டரை முதல் ஐந்து கிலோ வரை என்று அளவு சொல்லப்படுகிறது. ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ என்று கொள்ளலாம். திருவனந்தபுரத்திலுள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளி மாவிலிருந்தும் இவ்வகைப் பொருள் செய்யும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சேலம் வட்டாரத்தில் ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் செய்வோர் 1981 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து விற்று வருபவர்கள். பியோரியாவில் மக்காச்சோளத்திற்குச் செய்ததை நம் மரவள்ளிக்குச் செய்ய இயலுமாயின், அது மரவள்ளி விலை வீழும் ஆண்டுகளில் சிந்திக்கத்தக்க விஷயம்.

இவற்றோடு நம் வீட்டுச் சரக்கையும் மறக்க வேண்டாம். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்கிற்கு மேல் நீர் பிடிக்கும். மணியோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் நார்க்கழிவு நீரைத் தன் துளைகளில் பிடிப்பது. உவர் நீரானாலும் கடின நீரானாலும் பிடிக்கும் அளவு மாறாது. மட்கவும் செய்யும். பாலிப்ரொப்பிலீன் இழையோ மட்காது. வெயிலில் கிடந்தால் நொறுங்கித் தூளாகும். அத்தூள் மண்ணிலேயே தங்கும். குழித்தட்டின் அடியில் விரிப்பதாயின், நடவு முடிந்தவுடன் விரிப்பை எண்ணி எடுத்து அப்புறப்படுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அணையாடைக்கும் இதே தொல்லை உண்டு. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் அதைத் தனியே பொதிந்து தர வேண்டும் என்றன. எத்தனை வீடுகளில் அவ்வாறு நடக்கிறது என்பதை நம் ஊர் வாய்க்காலைப் பார்த்தாலே தெரியும்.

நம் தறிகளுக்கு இவ்விரிப்பால் கேடு வருமா என்று நெசவாளர் அங்கத்தினர் சிலர் கவலையுடன் கேட்டனர். ஒளிக்காமல் சொல்வதாயின், கேடு வரவேண்டிய இடத்தில் முன்னரே வந்துவிட்டது. பழைய வேட்டியும் மல் துணியும் குழந்தைக்கு அணையாடையாக இருந்த இடத்தை இது பெருநகரங்களில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஈரம் துடைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தி, மறுநாளும் எடுத்துக்கொள்ளும் எந்த வேலைக்கும் இவ்விரிப்பு உதவாது. குடித்த நீரை மணி எளிதில் விடாது. துவைத்தால் கூழாகிப் பிதுங்கும். பருத்தியோ நனைந்தால் முன்னிலும் உறுதி பெறும் இழை. துவைத்து மீண்டும் உடுக்கும் பருத்தி அணையாடையை நாடும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவ்வகைத் துணியை நம் சங்கம் நெய்து பார்க்கலாம் என்று நெசவாளர் பிரிவில் ஒரு பேச்சு எழுந்துள்ளது. அதைப்பற்றிப் பின்னர் எழுதுவோம்.

எந்தச் சங்கமேனும் இத்தகைய விரிப்பை வாங்கும் முன் தன் கையாலேயே சோதிக்கலாம். பெரிய ஆராய்ச்சிச் சாலை வேண்டுவதில்லை. கிராம் காட்டும் தராசு ஒன்று போதும். விரிப்பைப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வயலுக்குப் பாய்ச்சும் நீரிலேயே அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். எடுத்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, பத்து நிமிடம் நீர் வடியவிட்டு, மீண்டும் நிறுக்க வேண்டும். பிறகு அதைக் கம்பிவலைமேல் வைத்து, ஒரு பலகையிட்டு, அதன்மேல் ஐந்து கிலோ எடைக்கல்லை வைக்க வேண்டும். அது சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் பாரம். அணையாடைத் தொழிலில் வழங்கும் கடுஞ்சோதனையின் அளவும் ஏறக்குறைய இதுவே. பாரம் எடுத்தபின் நிறுத்தால், விரிப்பு உண்மையில் வைத்துக்கொள்ளும் நீர் எவ்வளவு என்று தெரியும். அதே துண்டை உலர்த்தி மறுபடியும் இரண்டு மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். கடின நீரானால் ஒவ்வொரு முறையும் எடை இறங்கிக்கொண்டே வரும். மணி மட்டும் வாங்குபவர்கள், ஒரு கிராம் மணியை மல் துணிப் பையில் தளர முடிந்து இவ்வாறே பார்க்கலாம். பையையும் தனியே நனைத்து நிறுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். நாம் முதல் முறை அதை மறந்து, மணிக்கு இல்லாத பெருமையை அதற்குக் கொடுத்துவிட்டோம்.

ஒத்திவைத்த தீர்மானம் பின்னர் வேறு வடிவில் நிறைவேறிற்று. இருபது விரிப்புகள் மட்டும் வாங்கப்பட்டன. இந்த ஆடிப் பட்டத்தில் மிளகாய், கத்தரி நாற்றுகளுக்குப் பத்துக் குழித்தட்டுகளின் அடியில் விரித்து, சங்கக் கூரையிலிருந்து தொட்டியில் சேரும் மழைநீரை ஊற்றி வருகிறோம். வேறு பத்துத் தட்டுகளுக்குக் கிணற்று நீர். இன்னும் பத்துத் தட்டுகளில் விரிப்பில்லை, நார்க்கழிவு மட்டும். எந்தத் தட்டுக்கு எந்த நாளில் எவ்வளவு நீர் விட்டோம் என்பதை நாற்றங்கால் பொறுப்பாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். நாற்று வயலுக்குப் போனபின் அக்கணக்கு இதே பக்கங்களில் வெளிவரும்.

அதற்குள் தத்தம் கிணற்று நீரின் குணத்தை அறிய விரும்பும் அங்கத்தினர்கள், ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான புட்டியில் நிரப்பி, கிணற்றின் பெயரை மேலே எழுதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். தராசும் விரிப்புத் துண்டுகளும் ஆயத்தமாக உள்ளன. அன்று நம்மை எச்சரித்த மூத்த நெசவாளரே எடை பார்த்துச் சொல்ல இசைந்திருக்கிறார்.